தெற்கே தலை வைத்த துரை

அத்தியாயம் 11

இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.

முத்துப்பேச்சி அந்தத் தொகையைச் சொல்லிவிட்டு டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஏலப்பாறைக் கடைத்தெருவில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. தார்ச்சாலையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

அவளுக்கு எதிரே இருந்தவள் ஜானவி. பாலக்காட்டுக் கல்பாத்தியில் ஒரு மாடியறையில் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறாள். அதற்கு முன் ஒரு வங்கியில் மோசடிக் கணக்குகளைத் தோண்டி எடுக்கும் வேலை. பக்கத்தில் மூன்றாவது பருப்புவடையைப் பிட்டுக்கொண்டிருந்தவன் மாரப்பன், மீனாட்சிபுரத்து ஆள். பால் சொசைட்டியில் கேன் தூக்கித் தூக்கி ஒரு தோள் தாழ்ந்துபோனவன். இப்போது ஜானவிக்கு ஜீப் ஓட்டுகிறான். ஜீப் நிற்கிற நேரத்தில் அவன் வாய் ஓடும்.

முத்துப்பேச்சியின் புருஷன் நல்லமுத்து, கருங்கல்மேடு எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவனாக இருந்தான். ஒருநாள் நிழல்மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்தபோது அது அவன்மேல் விழுந்தது. அந்த உயிருக்குக் கம்பெனி போட்ட விலைதான் அவள் சொன்ன தொகை. பணம் மேனேஜர் சுவக்கீன் கைக்கு வந்தது. அந்தக் கையைத் தாண்டி வரவில்லை. "மேலிருந்து வரலை, வந்தால் தருவேன்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பல வருஷம் கழித்து, படுக்கையில் விழுந்த பழைய கிளார்க் ஒருவன்தான் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். அதற்குள் கம்பெனி எஸ்டேட்டை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தது. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளி ஜனங்கள் கேட்பாரற்ற கொழுந்தைப் பறித்து விற்றுக் கஞ்சி குடித்தார்கள். சுவக்கீன், வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பங்களாவை வாங்கி ஹோம்ஸ்டே ஆக்கிக்கொண்டான்.

பணத்தை வசூல் செய்துதர வேண்டுமா என்று ஜானவி கேட்டாள்.

"அதுக்கு வரலை தாயி" என்றாள் முத்துப்பேச்சி. செல்போனை எடுத்து நீட்டினாள். பாலக்காட்டில் ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை பார்க்கும் மகள் இந்து அனுப்பிய படம் அதில் இருந்தது. ஹோம்ஸ்டே விளம்பரத்தில் வந்த படம். பங்களாவுக்குப் போகும் பாதைக்கு மேலே, தேயிலை ஓரத்தில், புல் சீவிய ஒரு மண்மேடு. அதன் தலைமாட்டில் பளபளவென்று கறுப்புக் கல். கல்லில் இங்கிலீஷ். ஆர்தர் பெல்லமி, 1934 என்று ஜானவி வாசித்தாள்.

"இது என் வீட்டுக்காரரு படுத்திருக்க எடம்" என்றாள் முத்துப்பேச்சி.

மாரப்பன் வடையை வைத்துவிட்டான். "ஏனுங்கக்கா, துரைமாருங்க உசுரோட இருக்கறப்ப பங்களாவைப் புடிச்சாங்க. செத்தப்புறம் லயத்துக்காரன் குழியையுமா புடிக்கறாங்க?"

அவள் சிரிக்கவில்லை. மீதியைச் சுருக்கமாகச் சொன்னாள். அந்த பெல்லமியின் பேத்தி ரூத் என்ற வெள்ளைக்காரம்மா லண்டன் பக்கமிருந்து வந்து பங்களாவில் தங்கியிருக்கிறாள். நாளைக் காலையில் அந்தக் கல்லுக்கு முன்னால் ஜெபம். ஒரு பாஸ்டர் வருகிறார். படம் எடுத்து உலகம் முழுக்க அனுப்பப் போகிறார்கள்.

"நாளைக்கு ஜெபம் முடிஞ்சா அந்தக் குழி அவுகளுக்கு ஆயிரும். அப்புறம் நான் போயி நின்னு அழுதா பைத்தியக்காரின்னு வெரட்டுவான். பணத்துக்கு நான் பொறுத்துக்கிட்டேன் தாயி. இதுக்குப் பொறுக்கமாட்டேன். அந்தம்மா கண்ணு முன்னாலயே அவன் மூஞ்சி கருகணும். அதைப் பாக்கணும் நானு."

ஜானவி டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தாள்.

*

பங்களாவில் ஜானவி தன்னைப் பழைய சர்ச் ரிஜிஸ்தர்களில் ஆசை உள்ளவள் என்று அறிமுகம் செய்துகொண்டாள். அது ஒன்றே போதுமாக இருந்தது. எழுபது வயது ரூத் பெல்லமி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

ரூத் ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். குடும்பத்தின் வேர் தேடுவதே அவளுக்கு இப்போது வேலை. மேசையில் காகிதங்களை வரிசையாகப் பரப்பினாள். தன் ஊர்ச் சர்ச்சில் எட்டுத் தலைமுறைக்கு ஞானஸ்நானம் எழுதிய பக்கங்கள், கல்யாணம் எழுதிய பக்கங்கள், புதைத்தது எழுதிய பக்கங்கள். ஆர்தருக்கு முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதுதான் இல்லை. இந்தியாவில் காய்ச்சலில் போய்விட்டார் என்பது மட்டும்தான் வீட்டுப் பேச்சு. அவள் அப்பா கடைசிவரை அந்தக் குழி எங்கே என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாராம். எத்தனையோ பேருக்கு எழுதிப் போட்டதில் பதில் எழுதியவர் மிஸ்டர் சுவக்கீன் ஒருவர்தான். ஆதாரத்தோடு எழுதினாராம்.

ஆதாரம் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. மலைமேல் இருக்கும் பழைய சர்ச்சின் அடக்க ரிஜிஸ்தரைப் பிரித்து, ஒரு கையால் பிடித்தபடி எடுத்த போட்டோ. மங்கிய மசி. பாதிரியார் கையெழுத்து. ஆர்தர் பெல்லமி, கருங்கல்மேடு எஸ்டேட், வயது முப்பத்தொன்று.

ஜானவி அதைத் தன் போனில் படம் பிடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். கள்ளக் கையெழுத்துகளோடு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியவள் அவள். இந்தப் பக்கம் கள்ளமில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

சுவக்கீன் வந்தான். அறுபத்தைந்து வயது, மலையாளம் கலந்த தமிழ், தும்பைப்பூ வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. அவர்களை மேட்டுக்கு அழைத்துப் போனான். போகிற வழியில் இன்னும் நாலு மேடுகள் புல் சீவிச் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தயாராக இருந்தன. கல் மட்டும் இல்லை. அவை யாருடையவை என்று ஜானவி கேட்டதற்கு, அவையும் துரைமார்களுடையவைதான், குடும்பங்களோடு கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்றான்.

"குழி ரெடி, துரைதான் பாக்கிங்களா?" என்று மாரப்பன் அப்பாவியாகக் கேட்டான்.

சுவக்கீன் அவனை ஆள் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, டிரைவர் வண்டிப் பக்கத்தில் நிற்கலாமே என்றான்.

கல் நட்ட மேட்டைச் சுற்றி ஜானவி ஒரு நடை நடந்தாள். கீழே பத்தடி சரிவில், தேயிலைக்குள் இடுப்பளவு மறைந்து முத்துப்பேச்சி நின்றிருந்தாள். மேலே ஏறி வர அவளுக்கு அனுமதி இல்லை. அவள் மேட்டைப் பார்க்கவில்லை. சுவக்கீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மலைச் சர்ச்சுக்கு ஜீப் ஏறும்போது மாரப்பன் பேசாமல் வந்தான். அது அவனுக்கு நோய் மாதிரி. ஜானவி என்னவென்று கேட்டாள்.

"அம்மிணி, அந்த போட்டோவை உங்க போன்ல புடிச்சீங்கல்லங்க. பெருவெரலைப் பாருங்க."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பக்கத்தைப் பிடித்திருந்த பெருவிரல் ஓரத்தில் இல்லை. நடுப்பக்கத்துக்கு வந்து ஒரு கட்டத்தின்மேல் அழுத்தமாகப் படிந்திருந்தது.

"எங்க சொசைட்டியில அளந்து ஊத்தறவன் ஒருத்தன் இருந்தானுங்க. அளவுக் கோப்பையை வெளிய புடிக்கமாட்டான். ரெண்டு வெரலை உள்ள உட்டுத்தான் புடிப்பான். கேட்டா, வழுக்குதும்பான். வெரலு எங்க இருக்குதோ அங்கதானுங்க பாலு கொறையும்."

ஜானவி திரும்பிப் பார்த்தாள். "இத நீங்க அங்கயே சொல்லியிருக்கப்படாதா?"

"டிரைவர் வண்டிகிட்ட நிக்கோணும்னு சொல்லிட்டாருங்களே."

சர்ச் சின்னது. கருங்கல். பக்கத்தில் பழைய துரைமார் கல்லறைகள் ஒரு இருபது இருக்கும். ஜானவி ரிஜிஸ்தருக்குப் போவதற்கு முன் அங்கே இறங்கினாள். எல்லாக் கல்லும் மேற்கு முனையில் நின்றன. எல்லாக் காலும் கிழக்கே நீண்டிருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கடைசி நாள்ல எழுந்திருச்சா சூரியனைப் பாத்து எழுந்திருக்கணும்னு இவாளுக்கு ஒரு நம்பிக்கை" என்றாள் ஜானவி. "எஸ்டேட்ல அந்த மேடு எந்தப் பக்கம் பாத்திருந்தது?"

மாரப்பன் கையை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தான். காலைச் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்தான். "கல்லு தெக்க. காலு வடக்க. எங்கூர்லயும் அப்படித்தானுங்க பொதைப்போம்." கொஞ்சம் நிறுத்தினான். "எமனோட தெசைக்கில்ல தலை வெக்கோணும்."

லயத்திலும் அதே வழக்கம்தான். சுவக்கீனுக்கு வேண்டியதெல்லாம் பழையதாகத் தெரியும் ஒரு மேடு. தலைமாடு எது என்று பார்த்தான், அங்கே கல்லை நட்டான். படுத்திருக்கிறவன் எந்தத் திசைக்குப் படுத்திருக்கிறான் என்பதை அவன் யோசித்தே பார்க்கவில்லை.

சர்ச் ஆபீஸில் டின்சி என்ற பெண் இருந்தாள். ரிஜிஸ்தரை எடுக்கப் பாதிரியாரான அச்சனின் அனுமதி வேண்டும், அச்சன் ஊரில் இல்லை என்று மலையாளத்தில் சட்டம் பேசினாள். சுவக்கீன் சாருக்கு மட்டும் எப்படிக் காட்டினீர்கள் என்று மாரப்பன் இடையில் நுழைந்தான். டின்சியின் முகம் மாறியது. ஆபீஸுக்கு ஒரு ஃபேன் வாங்கித் தருவதாகச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு போன ஆள் அதன்பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டவில்லையாம். அவள் தலைக்குமேல் கொக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு ஃபேன்தானுங்க பாக்கி. நீங்க பரவால்ல" என்றான் மாரப்பன்.

டின்சி அச்சனுக்குப் போன் போட்டாள். ரெண்டு நிமிஷத்தில் அனுமதியும் வந்தது, அலமாரிச் சாவியும் வந்தது.

பக்கத்தைப் பிரித்ததும் ஜானவி நேராக அந்தக் கட்டத்துக்குப் போனாள். எங்கே புதைக்கப்பட்டார் என்று எழுதும் கட்டம் அது. அதில் கோட்டயம் என்று இருந்தது. ஓரத்தில் பாதிரியார் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் போட்டிருந்தார். காய்ச்சல் கண்டவரை வண்டியில் வைத்துத் தானே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதாகவும், அங்கே இறந்ததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்து இங்கே எழுதுவதாகவும்.

ஆர்தர் பெல்லமி எஸ்டேட்டில் சாகவே இல்லை.

"தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டானாக்க?" என்றான் மாரப்பன்.

"படிக்காதவனுக்கு எதை மறைக்கணும்னு தெரியாது" என்றாள் ஜானவி. "இவன் படிச்சுட்டு, அப்பறமா விரலை வச்சிருக்கான்."

"ஏனுங்க, கோட்டயத்துல இருக்குதுன்னு நெசத்தைச் சொல்லியிருந்தா அவனுக்கு என்னங்க நட்டம்?"

"அப்ப அந்தம்மா கோட்டயத்துல ரூம் எடுத்துத் தங்கியிருப்பா."

அன்று மத்தியானமே மலை இறங்கினார்கள். கோட்டயத்தில் அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தின் கடைக்கோடியில், இடுப்பளவு புதருக்குள், மாரப்பன் வெறுங்கையால் கொடிகளைப் பிய்த்துப் பிய்த்து நாலாவது கல்லில் கண்டுபிடித்தான். அதே பேர். அதே வருஷம். கால் கிழக்கே. முள் கீறிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் கல்லைப் பார்த்துக் கும்பிட்டான்.

"துரை, நாளைக்கு ஒரு பொழுதுக்கு வேற எங்கியும் போயிராதீங்க" என்றான்.

*

காலையில் வெயில் அடித்தது. மேட்டுக்கு முன்னால் நாலு நாற்காலி, ஒரு பாஸ்டர், கையில் வெள்ளைப் பூவோடு ரூத். மேட்டுக்குக் கீழே தேயிலைக்குள் லயத்து ஜனம் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். முத்துப்பேச்சி மட்டும் நிற்கவில்லை. ஏறி வந்து நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். சுவக்கீன் அவளைப் பார்த்ததும் கை ஆட்டி, கீழே போ என்றான். அவள் காது கேட்காதவள்போல் இருந்தாள்.

பாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் ஜானவி ரூத்திடம் இரண்டு படங்களைக் கொடுத்தாள். ஒன்று விரல் இல்லாத பக்கம். மற்றது கோட்டயத்துக் கல்.

ரூத் கண்ணாடியை மாட்டி வெகுநேரம் வாசித்தாள். பிறகு சுவக்கீனிடம் மெல்லிய குரலில் ஒன்று கேட்டாள். என் தாத்தா எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

சுவக்கீன் அசரவில்லை. கோட்டயத்தில் இருப்பது வெறும் நினைவுக்கல் என்றான். அந்தக் காலத்து ரிஜிஸ்தரில் எத்தனையோ பிழைகள் உண்டு, உடல் இங்கேதான் என்று இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும் என்றான். ஜானவி, இங்கே படுத்திருப்பது இந்தம்மாவின் புருஷன் என்று சொல்லித் திசையைக் காட்டினாள். எந்தத் துரையும் தெற்கே தலை வைத்துப் படுப்பதில்லை என்று சொல்லி, மலைச் சர்ச்சின் இருபது கல்லையும் எண்ணிக் காட்டினாள்.

அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. மழையில் குழி வெட்டினது கூலிக்காரங்கதானே, அவங்களுக்குத் தெரிந்த திசையில் வெட்டிவிட்டாங்க என்றான். நல்ல இங்கிலீஷில் சொன்னான். ரூத்தின் முகத்தில் லேசாக ஒரு நம்பிக்கை திரும்புவதை ஜானவி பார்த்தாள். எழுபது வயதில், ஐயாயிரம் மைல் தாண்டி வந்து, பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அதை நம்பத்தான் தோன்றும்.

"சந்தேகம் இருந்தால் தோண்டிப் பாக்கட்டும்" என்று சுவக்கீன் முத்துப்பேச்சிக்கும் கேட்கத் தமிழில் சொன்னான். "எனக்கொண்ணும் விரோதமில்லை கேட்டோ. இவள் சம்மதிப்பாளா கேளுங்க."

ஜானவியிடம் வேறு சீட்டு இல்லை. மாரப்பன் தரையைப் பார்த்தான். புருஷன் எலும்பைக் கிளற எந்தப் பெண் சம்மதிப்பாள் என்று சுவக்கீனுக்குத் தெரியும்.

"தோண்டுங்க" என்றாள் முத்துப்பேச்சி.

தேயிலைக்குள் ஒரு சலசலப்பு.

"தோண்டுங்க. உள்ள எலும்பு மட்டும் இருக்காது. கவ்வாத்துக் கத்தி இருக்கும். அவரு கையில நாந்தான் வச்சேன், போற எடத்துல சும்மா இருக்கமாட்டாருன்னு. அது கம்பெனிக் கத்தி, அதை எப்படிக் குழியில போடலாம்னு இந்த மனுசன் நான் கொழுந்து பறிச்ச சம்பளத்துல புடிச்சாரு. கத்தி வெலையில ரெண்டு மடங்கு புடிச்சாரு. களவாணிப் பய."

சுவக்கீன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"ரெண்டு மடங்கா? ஆரு சொன்னது? ஸ்டோர் விலை என்னவோ அதுதான் பிடிச்சது. எண்பத்தஞ்சு ரூபாய். ஒரு பைசா கூடுதல் பிடிச்சிட்டில்ல. நான் என் கையாலே எழுதின கணக்காக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் சொன்னது கேட்டது.

ஜானவி நிதானமாக இங்கிலீஷில் ரூத்துக்குச் சொன்னாள்: இந்தக் குழியில் இந்தம்மா தன் புருஷன் கையில் வைத்த கத்திக்கு அவள் சம்பளத்தில் பணம் பிடித்ததாக இவரே ஒப்புக்கொள்கிறார். எண்பத்தைந்து ரூபாய். உங்கள் தாத்தா இறந்தபோது இவர் பிறந்திருக்கவில்லை.

மாரப்பன் முத்துப்பேச்சியின் பக்கம் சாய்ந்து, "ஏனுங்கக்கா, நெசமாலுமே ரெண்டு மடங்குங்களா?" என்று கிசுகிசுத்தான்.

"இல்ல தம்பி. எம்பத்தஞ்சுதான்" என்றாள் அவள். "அவன்கிட்டக் களவாணின்னு சொன்னாப் பொறுத்துக்கிடுவான். கணக்குத் தப்புன்னு சொன்னாப் பொறுக்கமாட்டான்."

ரூத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்தபோது அவள் குரல் டீச்சர் குரலாக இருந்தது. அந்த நாலு சுண்ணாம்பு மேடுகளையும் போட்டோ எடுத்தாள். தன்னைப்போல வேர் தேடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், ஒருவர் எழுதுவதை ஒருவர் விடாமல் படிப்பார்கள், இன்று ராத்திரிக்குள் மிஸ்டர் சுவக்கீன் பேரை எல்லோரும் படித்திருப்பார்கள் என்றாள். கல்லுக்குப் பணம் கொடுத்தவள் நான், அதனால் கல் என்னுடையது, அதை இந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். முத்துப்பேச்சியின் முன் நின்று தலை குனிந்தாள். பூவை எடுத்துக்கொண்டு போய்ப் பாஸ்டரின் காரில் உட்கார்ந்தாள். கோட்டயத்துக்கு.

பாஸ்டர் காரை எடுத்தார். சுவக்கீனின் முகம் வெந்த இலைபோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், அவசரப்படாமல், வயிறு நிறையச் சாப்பிடுகிறவளைப்போலப் பார்த்தாள்.

ஜானவி அவனிடம் போய்த் தணிந்த குரலில் இரண்டு வாக்கியம் சொன்னாள். செத்தவன் குடும்பத்துக்குக் கம்பெனி கொடுத்த பணத்தை வைத்துக்கொள்வதற்குப் போலீஸில் என்ன பெயர் என்று ஒன்று. அதைப் பற்றி இன்று சாயங்காலம் ஏலப்பாறை ஸ்டேஷனில் பேசுவதா வேண்டாமா என்பது முத்துப்பேச்சியின் இஷ்டம் என்று மற்றொன்று.

சுவக்கீன் பங்களாவுக்குள் போனான். வெளியே வந்தபோது கையில் கட்டுக்கட்டாக நோட்டு இருந்தது. இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூற்று எழுபது. தொகையை யாரும் அவனுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

முத்துப்பேச்சி கல்லின்மேல் நோட்டை அடுக்கி எண்ணினாள். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் மறுபடி எண்ணினார்கள். அந்தப் பணம் அன்றைக்கே வந்திருந்தால் இந்து கேன்டீனில் தட்டுக் கழுவியிருக்கமாட்டாள் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள். முத்துப்பேச்சி பணத்தைத் துண்டில் முடிந்தாள்.

"ரசீது வேணும்" என்றான் சுவக்கீன்.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விறைத்து நின்றான். அந்த நிலைமையிலும் அவன் மேனேஜர்தான். "நாளைக்கு இவள் வாங்கலைன்னு பறஞ்சால் நான் எங்கே போவேன்? பணம் கொடுத்தால் எழுத்து வேணும். முழு விவரமும் வேணும். எதுக்குக் கொடுத்தது, ஆரு கொடுத்தது, ஆரு வாங்கினது, எல்லாம்."

மாரப்பன் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். முத்துப்பேச்சி வேண்டாம் என்று கையமர்த்தினாள்.

"தாரேன்" என்றாள். "முழு வெவரமும் தாரேன்."

கூட்டத்தில் ரிஞ்சு நின்றிருந்தான். அந்தக் கறுப்புக் கல்லைக் கொத்திக் கொடுத்தவன். கூலிப் பாக்கியைக் கேட்க உளிப் பையோடு வந்து, கேட்க வழியில்லாமல் நின்றவன். முத்துப்பேச்சி அவனைக் கூப்பிட்டுத் துண்டை அவிழ்த்துச் சில நோட்டுகளை அவன் கையில் வைத்தாள். நாலு ஆம்பிளைகள் கல்லைப் பிடுங்கித் திருப்பினார்கள். பெல்லமியின் பேர் மேட்டைப் பார்த்துக்கொண்டது. ஒன்றும் எழுதாத பக்கம் பாதையைப் பார்த்தது. பங்களாவுக்கு வருகிற எந்த வண்டியும் அந்தப் பாதையில்தான் வந்தாக வேண்டும்.

அவள் நின்றபடியே சொன்னாள். ஜானவி காகிதத்தில் எழுதினாள். ரிஞ்சு கல்லில் கொத்தினான். முதலில் தமிழில், பிறகு கீழே இங்கிலீஷிலும் மலையாளத்திலும்.

நல்லமுத்து, கவ்வாத்துத் தொழிலாளி, இங்கே இருக்கிறார். இவர் உயிருக்குக் கம்பெனி கொடுத்த ரூ. 2,16,470-ஐ இருபத்திரண்டு வருஷம் தன்னிடம் வைத்திருந்துவிட்டு, மேனேஜர் சுவக்கீன் இன்று திருப்பிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டேன். மனைவி முத்துப்பேச்சி.

இரண்டாவது வரி விழும்போதே சுவக்கீன் ஓடி வந்தான். இது என்ன அக்கிரமம் என்று கேட்டான். கல்லைத் தொடப் போன கையை, தேயிலையிலிருந்து மேலே ஏறி வந்திருந்த ஜனத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் இழுத்துக்கொண்டான். எல்லாக் கையிலும் செல்போன் இருந்தது.

"நீங்கதான கேட்டீக" என்றாள் முத்துப்பேச்சி. "எழுத்துல வேணும்னு. இந்தாங்க. மழையில நனையாது. கரையான் அரிக்காது. உங்க பேத்தி பேரன் வந்து தேடுனாலும் கெடைக்கும்."

அவன் ஜானவியைப் பார்த்தான். அவள் பேனாவை மூடினாள். ரசீது கேட்டவர் ரசீதைப் பெற்றுக்கொள்ளமாட்டேன் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்றாள். அப்படி ஒரு சட்டம் உண்டா என்று மாரப்பனுக்குத் தெரியாது. அவன் பலமாகத் தலையாட்டி வைத்தான்.

உளிச் சத்தம் வெயில் சாயும்வரை கேட்டது. தேதி போடவா என்று ரிஞ்சு கேட்டான். போடு என்றாள் அவள். தேதியும் விழுந்தது. கடன் தீர்ந்தது.

ரிஞ்சு கல்தூசியை ஊதிவிட்டு எழுந்தான். வேலை முடிந்தால் சரிபார்க்கச் சொல்லுவது அவன் வழக்கம்.

"தொகையும் பேரும் சரியா இருக்கான்னு ஒருக்கப் பாத்துருங்க சார்."

சுவக்கீன் பார்த்தான். எவ்வளவு பார்த்தாலும் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.